ஒரே வெட்டில் இரண்டு நோட்டு

பழைய நோட்டு மதிப்பிடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. உங்களிடம் நல்ல விளக்கு இருக்கிறது, நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் திரை இருக்கிறது. என்னிடம் ஒரு கைக்கண்ணாடியும் வாயும்தான் இருந்தன. இரண்டில் வாய்தான் அதிகம் உழைத்தது என்று என் பழைய கூட்டாளிகள் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஒன்று மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. ஒரு நோட்டைப் பார்த்து 'இது போலி' என்று சொல்வது மிகவும் சுலபம். அப்படிச் சொன்னவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், கறாரான ஆள் என்று பெயர்கூட வாங்கலாம். 'இது உண்மை' என்று சொல்கிறவர்தான் பின்னால் மாட்டிக்கொண்டு முழிப்பார். அதனால் புதிதாக வருகிறவர்கள் முதல் சில வருஷம் கண்ணில் பட்டதையெல்லாம் போலி என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். உங்களில் யார் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரவருக்கே தெரியும்.

ஏற்காட்டில் நடந்த ஒரு சங்கதியை உங்களுக்குச் சொல்கிறேன். நான் தலையை நிமிர்த்தி நடந்த நாள் அது. அடக்கமாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம், மே மாதம். சேலத்து வெயிலுக்குப் பயந்து ஊரே மலை ஏறிக்கொண்டிருந்த சமயம். எங்கள் சேகரிப்பாளர் சங்கம் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து இரண்டு நாள் கண்காட்சி வைத்தது. மழைக்கு ஒதுங்கவாவது ஆட்கள் உள்ளே வருவார்கள் என்று செயலாளர் நினைத்தார், அப்படியே வந்தார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டிலிருக்கும் பழைய நோட்டைக் கொண்டுவந்து வைக்கலாம். மூன்று பேர் கொண்ட குழு அதைப் பார்த்து, உண்மை என்றால் வெள்ளை அட்டையும் போலி என்றால் சிவப்பு அட்டையும் வைக்கும். சங்கத் தலைவர், செயலாளர், நான், இதுதான் குழு. வங்கியில் கிழிந்த நோட்டு மாற்றும் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள் நான். ஒட்டுப்போட்ட நோட்டு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

முதல் நாள் காலையில் காவேரி வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தியவள். கணவர் இறந்த பிறகு தனியாகவே அடுப்பையும் கல்லாவையும் பார்த்துக்கொண்டு, பிள்ளையைப் படிக்க வைத்தவள். மஞ்சள் துணியில் சுற்றி ஒரு நோட்டைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தாள்.

"சாமி மாடத்துல இருந்ததுங்க. வருசா வருசம் ஆயுத பூசைக்குப் பொட்டு வெப்போம். என்ர மாமனாரோட பாட்டன் காலத்துதுன்னு சொல்லுவாங்க."

விரித்துப் பார்த்ததும் கைக்கண்ணாடியை எடுத்துவிட்டேன். நோட்டு அச்சிடுவதை அரசாங்கமே தன் கையில் எடுத்துக்கொள்வதற்கு முன்னால், தனியார் வங்கிகள் தங்கள் பெயரில் நோட்டு வெளியிட்டது உங்களுக்குத் தெரியும். அப்படிச் சென்னையில் தொடங்கி, சில வருஷத்திலேயே கதவைச் சாத்திய ஒரு வங்கியின் பத்து ரூபாய் நோட்டு அது. வங்கியின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே நாலு போலி சந்தைக்கு வந்துவிடும். அந்த வங்கி நோட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மூலையில் மஞ்சளும் குங்குமமும் அடை அடையாக அப்பியிருந்தன. நோட்டு நடுவில் மேலிருந்து கீழாக வெட்டப்பட்டு, பின்பக்கம் ஒரு தாள் பட்டை வைத்துப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் தபாலில் பணம் அனுப்புகிறவர்கள் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஒரு தபாலிலும் மறு பாதியை அடுத்த தபாலிலும் அனுப்புவார்கள். வழியில் ஒன்றை எவனாவது அடித்துக்கொண்டாலும் பாதியை வைத்து அவனால் ஒன்றும் செய்ய முடியாது. வந்து சேர்ந்ததும் இரண்டையும் ஒட்டிக்கொள்வார்கள். இதற்காகவே நோட்டின் எண்ணை இரண்டு பாதியிலும் அச்சடித்திருப்பார்கள்.

அந்த எண்ணில்தான் வில்லங்கம். இடப் பாதியில் எண் ஏழில் முடிந்தது. வலப் பாதியில் எட்டில் முடிந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இரண்டு நோட்டின் துண்டுகள். யாரோ ஒட்டி ஏமாற்றியிருக்கிறார்கள்" என்றார். நேர்மையான மனிதர். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கத் தெரியாதவர். "எண் சேராத நோட்டை உங்கள் வங்கிக் கவுண்டரில் வாங்குவீர்களா?" என்று என்னைக் கேட்டார்.

"வாங்க மாட்டோம்."

"பிறகு என்ன?"

"இது என் கவுண்டர் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். ஆனால் குழுவில் அவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி. சிவப்பு அட்டை வைத்தாயிற்று. மறுநாள் பரிசளிப்பில் முடிவுகளை மைக்கில் படிப்பதாக ஏற்பாடு.

சின்ன ஊர். மத்தியானச் சாப்பாட்டுக்குள் சேதி பரவிவிட்டது. சாயங்காலம் காபி குடிக்கக் காவேரியின் மெஸ்ஸுக்குப் போனேன். கல்லாவில் நின்ற ஒருவர், "அக்கா, மீதிச் சில்லறைய நல்ல நோட்டாப் பாத்துக் குடுங்க்கா" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்து மேசையும் சேர்ந்து சிரித்தது. காவேரி சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். அவர் போனதும் நேராக உள்ளே போய், மண்டபத்திலிருந்து வாங்கி வந்திருந்த அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றாள்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க்கா. சோறு போடற கைங்க இது. நாளைக்கு மைக்குல வேற சொல்லப் போறாங்களாம். கள்ள நோட்டு மெஸ்சுன்னு ஒருக்காப் பேராயிட்டா என்ர பையன் எப்படிங்க தலை நிமிந்து நடப்பான்? எல்லாம் அந்த மாரமங்கலத்துக்காரங்களால வந்த வினை."

"மாரமங்கலத்தில் யார்?"

அழுகையும் கோபமுமாகச் சொன்னாள். அவள் கணவருடைய முன்னோர் ஒருவர் மலை அடிவாரத்துக் குப்பனூர் வழியாகப் பொதி மாடு ஓட்டியவர். எஸ்டேட் காபியைக் கீழே இறக்கியதற்குக் கூலியாக வெள்ளைக்காரத் துரை அவருக்கு இரண்டு நோட்டுக் கொடுத்தார். சென்னையிலிருந்து துண்டு துண்டாக வந்ததை எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஒட்டிக் கொடுத்தாராம். முன்னோருக்கு இரண்டு மகன்கள். பாகம் பிரித்தபோது ஆளுக்கு ஒரு நோட்டு.

"நல்ல நோட்டை அவிங்க மாத்தி மொளகுத் தோட்டம் வாங்கிட்டாங்க. செல்லாததை எங்க தலையில கட்டிட்டாங்க. அன்னையில இருந்து ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லீங்க. எழவுக்குக்கூடப் போறதில்ல."

நோட்டை அவள் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் ஓரமாக வைத்து ஒட்டைப் பார்த்தேன். இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். காலையிலிருந்து எல்லோரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் இப்போது வெட்டைப் பார்த்தேன். கத்தரி ஓரிடத்தில் வழுக்கி, சின்னதாக ஒரு வளைவு விழுந்திருந்தது. இடப் பாதியின் விளிம்பு அங்கே வெளியே துருத்தியது. வலப் பாதி அதே இடத்தில் அதே அளவுக்கு உள்ளே வாங்கியிருந்தது. ஒரு நூல்கூட இடைவெளி இல்லை.

வெவ்வேறு நாளில் வெட்டிய இரண்டு நோட்டின் துண்டுகள் இப்படிப் பொருந்தாது. கத்தரி ஒரே இடத்தில் இரண்டு தரம் ஒரே மாதிரி வழுக்குமா? ஆகவே இரண்டு நோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே வெட்டாக வெட்டியிருக்கிறார்கள். அப்படி வெட்டினால் எந்த இடப் பாதியும் எந்த வலப் பாதியோடும் கச்சிதமாகச் சேரும். தபாலில் வந்த நாலு துண்டையும் மேசையில் பரப்பிய ரைட்டர், விளிம்பு சேர்ந்ததா என்று பார்த்து ஒட்டிவிட்டார். எண்ணைப் பார்க்கவில்லை.

அப்படியானால் அவர் ஒட்டிய இன்னொரு நோட்டு எப்படி இருக்கும்? இடப் பாதி எட்டு, வலப் பாதி ஏழு. அதையும் எந்த வங்கியும் வாங்கியிருக்காது. வாங்காத நோட்டை யாரும் மாற்றியிருக்க முடியாது. மாரமங்கலத்தில் அது இன்னும் இருக்க வேண்டும்!

"காவேரி, நாளைச் சாயங்காலம் வரைக்கும் இதை அடுப்பில் போடாதே. நான் மாரமங்கலம் போகிறேன்" என்றேன்.

"அவிங்க உங்களை வாசல்லயே துரத்திருவாங்க்கா."

"துரத்தட்டும். எனக்கு நடக்கத் தெரியும்."

மலைக்குள்ளேயே தள்ளி இருக்கும் அந்த ஊருக்குக் காலை பஸ்ஸில் போனேன். அந்தக் குடும்பத்தின் பெரியவர் மாரியப்பன், காவேரியின் கணவருக்குப் பங்காளி முறையில் அண்ணன். வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். காவேரி பெயரைச் சொன்னதுமே முகம் கறுத்துவிட்டது.

"அந்தூட்டுப் பேச்சு இங்க வேண்டாமுங்க. வந்த பஸ்சுலயே ஏறிப் போயிருங்க."

இந்த இடத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் பொய் சொல்லுவார்கள். சும்மா மிளகு வாங்க வந்தேன், பேச்சுவாக்கில் கேட்டேன் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது. பஸ் திரும்பிப் போய்விட்டால் பரிசளிப்புக்குள் ஏற்காடு போய்ச் சேர முடியாது. ஆனால் பொய் சொல்லி வெளியே கொண்டுவந்த நோட்டுக்குச் சாட்சி சொல்ல அப்புறம் யாரும் வர மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு நோட்டு மட்டும் போதாது, அது யார் வீட்டில் எப்படி இருந்தது என்று சொல்லும் வாயும் வேண்டும். அதனால் உள்ளதை அப்படியே உடைத்துச் சொன்னேன்.

"உங்கள் முன்னோர் மாடு ஓட்டிச் சம்பாதித்த நோட்டைக் கள்ள நோட்டு என்று சிவப்பு அட்டை வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் மைக்கில் சொல்லப் போகிறார்கள். அதைத் தடுக்க உங்களால் மட்டும்தான் முடியும்."

கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். "எவன் சொன்னான் கள்ள நோட்டுன்னு? குப்பனூர்ல இருந்து இந்த மலைக்கு மொத மாட்டை ஏத்துனவருங்க அவரு!" என்று கத்தினார். பிறகு சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். "இருங்க. அவகிட்ட ஏதுங்க நோட்டு? நல்ல நோட்டை அவிங்க அன்னைக்கே மாத்தி ஏற்காட்டுல ஊடு கட்டிட்டாங்களே. செல்லாததைத்தான எங்க தலையில கட்டுனாங்க?"

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! அங்கேயே ஒரு ஆட்டம் போட்டிருப்பேன், வயசு தடுத்துவிட்டது. காவேரி சொன்ன அதே பேச்சு, அதே வார்த்தை. அன்றைக்குப் பாகம் பிரித்த அண்ணன் தம்பி இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியாக நோட்டை மாற்றப் போயிருக்கிறார்கள். இரண்டு பேரையும் எண் சேரவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள், நல்லதை அவன் வைத்துக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் வங்கியும் மூடிவிட்டது.

"அந்தச் செல்லாத நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

உள்ளே போய் விபூதிச் சம்புடத்துக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார். அங்கேயும் மூலையில் மஞ்சள், குங்குமம். இடப் பாதி எட்டு. வலப் பாதி ஏழு. நடுவில் அதே வளைவு.

நோட்டை என்னிடம் தர மறுத்துவிட்டார். "நானே கொண்டாறனுங்க. ஆனா அவகிட்டப் பேச மாட்டேன்" என்றார். பாலிதீன் பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பாதி வழியில் மழை பிடித்து, பஸ் கூரை ஒழுக ஆரம்பித்தது. பெரியவர் ஏற்காடு வரும்வரை மார்பின் மேல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார். கண்டக்டர், நெஞ்சு வலியா என்று விசாரித்தார்.

மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது தலைவர் மைக்கில் முடிவுகளைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் காவேரி, நோட்டு மடியில். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அதைப் படிக்காதீர்கள்!" என்று நான் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பியது. இவ்வளவு பெரிய குரல் எனக்கு இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இரண்டு நோட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தன் நோட்டு யார் வழியாக வந்து எங்கே இருந்தது என்று மாரியப்பன் எல்லோரும் கேட்கச் சொன்னார். தலைவரிடம் கைக்கண்ணாடியைக் கொடுத்து, "எண்ணைப் பார்க்க வேண்டாம். வெட்டைப் பாருங்கள்" என்றேன். பார்த்தார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், மறுபடியும் முதலாவதுக்கு வந்தார். பிறகுதான் எண்களைப் பார்த்தார். ஏழு, எட்டு. எட்டு, ஏழு. அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. தான் சொன்னது தப்பாகிவிட்டதே என்ற வருத்தம் அந்த முகத்தில் துளிகூட இல்லை.

மைக்கை எடுத்து அவரே சொன்னார். "இந்த இரண்டும் உண்மையான நோட்டுகள். நான் வைத்த அட்டை தவறு. இந்த அம்மாவிடம் இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

அப்படிக் கைதட்டி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முந்தின நாள் கல்லாவில் சிரித்தவர்கூட நின்று தட்டினார். அவரைக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன்.

அடுத்த சோதனை உடனே வந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய சேகரிப்பாளர் மேசைக்கு வந்தார். "அம்மா, இது பழைய கஞ்சிப் பசை. ஈரம் காட்டினால் விட்டுவிடும். பிரித்து, ஏழோடு ஏழு, எட்டோடு எட்டு சேர்த்துக் கொடுங்கள். இரண்டு முழு நோட்டு! விலை நீங்கள் சொல்வதுதான்" என்றார். என்னால் அதைச் செய்ய முடியும். அந்த மண்டபத்தில் என்னால் மட்டும்தான் முடியும். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

செய்ய மாட்டேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ரைட்டர் சரியாக ஒட்டியிருந்தால் இந்த இரண்டும் வங்கிக்குப் போயிருக்கும். வங்கி பணத்தைக் கொடுத்து, நோட்டை வாங்கி அழித்திருக்கும். அந்த வங்கியின் மற்ற நோட்டெல்லாம் அப்படித்தான் போயின. தப்பாக ஒட்டியதால்தான் இவை பிழைத்தன. நாம் அந்தத் தப்பைத் திருத்தினால், வெட்டும் எண்ணும் சேர்ந்து சொல்லும் கதை போய்விடும். நம் கண்ணுக்குப் பிசகாகப் படுகிற எதையும், அது எப்படி வந்தது என்று கேட்காமல் தொடாதீர்கள். போலி என்றும் சொல்லாதீர்கள், சரி செய்யவும் கிளம்பாதீர்கள்.

"நோட்டு உங்களுடையது. வேறு யாரிடமாவது கொடுத்துப் பிரிப்பதானால் நான் தடுக்க முடியாது" என்று அவர்கள் இருவரிடமும் சொன்னேன்.

மாரியப்பன் இரண்டு நோட்டையும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அந்த வீட்டில் யாரும் இத்தனை தலைமுறையாகச் செய்யாததைச் செய்தார். காவேரியைப் பார்த்துப் பேசினார்.

"பிரிச்சு ஒட்டினா எது உன்ரது, எது என்ரது அம்மிணி?"

காவேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாமுங்க மாமா. இப்ப என்ர நோட்டுல பாதி உங்களுது. உங்க நோட்டுல பாதி என்ரது. இப்படியே இருக்கட்டுமுங்க."

பெரியவர் தோளில் இருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எங்கப்பன் சாவற வரைக்கும் உங்கூட்டை வைஞ்சுக்கிட்டே செத்தாரு அம்மிணி. நெசந் தெரியாமயே போய்ட்டாரே" என்று வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு நோட்டுக்கும் வெள்ளை அட்டை எழுதி வைத்தோம். மழை விட்டிருந்தது. வெளியே மாரமங்கலம் போகும் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. வரும் வழியில் விசாரித்த அதே கண்டக்டர் மண்டப வாசலுக்கே வந்து, "பெரியவரே, ஏறலீங்களா?" என்று கூப்பிட்டார்.

"நீங்க போங்க. என்னைய எதிர்பாக்க வேண்டாம்னு எங்கூட்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார் மாரியப்பன்.

"எங்க இருக்கீங்கன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

"பங்காளி ஊட்டுல தங்கிட்டாருன்னு சொல்லுங்க. சத்தமாவே சொல்லுங்க, ஊருக்கே கேக்கட்டும்."